மோட்டார் ஓடினால் சென்சார் ஊமையாவது ஏன்?

தோட்டத்து மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: "அச்சங்குளத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் கொய்யாவும் எலுமிச்சையும், மீதியில் கத்தரி, மிளகாய் என்று சொட்டுநீரில் வைத்திருக்கிறோம். பழைய கிணறு வற்றியதால் கிழக்கு எல்லையில் போர்வெல் போட்டோம். கரண்ட் சர்வீஸ், ஸ்டார்ட்டர் எல்லாம் மேற்கே பழைய மோட்டார் ரூமிலேயே இருக்கிறது. இடையில் 900 அடி தூரம். போன வருஷம் மோட்டார் ரூமில் ஒரு கன்ட்ரோலர், வயலில் மூன்று மண் ஈர சென்சார், போர் பக்கத்தில் உள்ள தொட்டியில் ஒரு நீர்மட்ட சென்சார், தண்ணீர் விழும் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர் மாட்டினோம். மோட்டார் நிற்கும்போது எல்லா எண்ணும் சரியாக வருகிறது. மோட்டாரைப் போட்டதும் எண்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒரு ராத்திரி போரில் தண்ணீர் இறங்கியும் மோட்டார் நிற்காமல் ஓடி, காயில் கருகிவிட்டது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். இரண்டை மாற்றியும் அதே கதைதான். இப்போது காயில் கட்டி மோட்டாரைத் திரும்ப இறக்கப் போகிறோம். அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?"

– ஒரு வாசகி, அச்சங்குளம், விருதுநகர் மாவட்டம்.

பதில்: நல்ல வேளையாக, மோட்டாரை இறக்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்தின் படத்தையும் வரைந்து அனுப்பியிருப்பதால் விஷயம் தெளிவாகப் புரிகிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் கேபிளும், சென்சாருக்குப் போகும் சிக்னல் வயரும் ஒரே பி.வி.சி. பைப்புக்குள் 900 அடியும் சேர்ந்தே போகின்றன. மூன்று இடத்தில் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிக் கிளை எடுத்திருக்கிறார்கள். கோளாறு சென்சாரில் இருப்பதாகத் தெரியவில்லை. அது பைப்புக்குள் இருக்கிறது. இதே தவறைப் பல தோட்டங்களில் செய்கிறார்கள் என்பதால் இந்த இதழில் இதற்கே அதிக இடம் ஒதுக்குகிறோம்.

முதலில் உயிர், பிறகு சென்சார்

மோட்டார் கேபிளில் போவது 415 வோல்ட். சிக்னல் வயரில் போவது ஐந்து வோல்ட்டுக்குள். அந்த மெல்லிய வயரின் தோல் 415 வோல்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பைப்புக்குள் தண்ணீர் இறங்கி, எலி கடித்து, மோட்டார் கேபிளின் தோல் ஓரிடத்தில் விட்டுப்போனால், அந்த மின்சாரம் சிக்னல் வயர் வழியாகத் தொட்டிக்கும் மண் ஈர சென்சாருக்கும் போய்ச் சேரும். ஈரக் காலோடு சென்சாரைத் தொடுபவர் நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே எண் சரியாக வருகிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். இந்த இரண்டு கேபிளையும் பிரிக்கும் வரை மோட்டாரை ஓட்ட வேண்டாம். பிரிக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் பக்கத்து வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். சிக்னல் பக்கத்து வேலையை மேற்பார்வை பார்க்க நீங்களே போதும். அதற்குத்தான் கீழே விவரம் தருகிறோம்.

எண் ஏன் நிற்கிறது?

உங்கள் சென்சார்களின் பெட்டியில் 'ஆர்.எஸ்.-485, மோட்பஸ்' என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆலைகளில் இருந்து தோட்டத்துக்கு வந்த முறை இது. மோட்பஸ் என்பது 1979-ல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களுக்காக வெளியிட்ட பேச்சு முறை. அந்தப் பேச்சைக் கொண்டுபோகும் கம்பிக்கான ஆர்.எஸ்.-485 தரம் 1983-ல் வந்தது. நூற்பாலை, சிமென்ட் ஆலை, அச்சகம் என்று எங்கும் இன்றைக்கும் இது ஓடுகிறது.

இதில் ஏ, பி என்று இரண்டு கம்பி. இரண்டுக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசத்தை வைத்துத்தான் செய்தி போகிறது. வித்தியாசம் 0.2 வோல்ட் இருந்தாலே வாங்கும் கருவி புரிந்துகொள்ளும். இரண்டு கம்பியையும் கயிறு திரிப்பது போல ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால், வெளியிலிருந்து வரும் தொந்தரவு இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். வித்தியாசம் மாறாது, செய்தியும் கெடாது. ஆலைகளில் நூற்றுக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவில் இது ஓடுவதன் ரகசியம் அந்த முறுக்குதான்.

உங்கள் தோட்டத்தில் இழுத்திருப்பது முறுக்கில்லாத, பக்கம் பக்கமாகப் போகும் நாலு கம்பி வயர். ஒரு கம்பி மோட்டார் கேபிளுக்கு நெருக்கமாகவும் மற்றது சற்று விலகியும் இருக்கும். மோட்டார் கிளம்பும்போது அது வழக்கமாக இழுக்கும் ஆம்பியரைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கிறது. அப்போது ஒரு கம்பியில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் தொந்தரவு ஏறுகிறது. கருவிக்கு எது செய்தி, எது இரைச்சல் என்று தெரியாமல் போகிறது. ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுவது போலத்தான்.

செலவில்லாமல் மூன்று சோதனை

புதுக் கேபிள் வாங்குவதற்கு முன், காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் முதல் இரண்டு சோதனைக்கும் மோட்டார் ஓட வேண்டும். ஆகவே மோட்டார் கேபிளை லைசென்ஸ் உள்ளவர் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே செய்யுங்கள். பைப்புக்குள் இருக்கும் பழைய சிக்னல் வயரை இரு நுனியிலும், கிளை எடுத்த இடங்களிலும் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். மோட்டார் ஓடும்போது சென்சார் பக்கம் வெறும் கையை வைக்கக் கூடாது.

முதல் சோதனை: மேலே தற்காலிகமாக ஒரு வயர் இழுப்பது. வெளியில் போடும் லேன் கேபிள் ஒரு சுருள் இரவல் கிடைத்தாலும் போதும். மோட்டார் கேபிள் போகும் பாதையிலிருந்து பத்தடி தள்ளித் தரைமேல் போட்டு, தொட்டி சென்சாரை மட்டும் அதில் இணைத்து மோட்டாரை ஓட்டுங்கள். அந்த எண் நிற்காமல் வந்தால் காரணம் பாதைதான். சென்சார் நல்லதே.

இரண்டாவது: சென்சாருக்குப் போகும் 24 வோல்ட்டை மோட்டார் நிற்கும்போது ஒரு முறையும், ஓடும்போது ஒரு முறையும் மல்ட்டிமீட்டரில் பாருங்கள். கன்ட்ரோலர் முனையில் பார்த்துவிட்டு, தொட்டி முனையிலும் பாருங்கள். கிராமத்து லைனின் கடைசியில் இருக்கும் சர்வீஸ்களில், மோட்டார் கிளம்பியதும் வோல்ட்டேஜ் சரியும். அதனோடு சேர்ந்து அடாப்டரும் சரிந்தால், சென்சார் ஒவ்வொரு முறையும் அணைந்து எழும். வெளியே பார்க்க இதுவும் 'எண் நின்றுவிட்டது' என்றுதான் தெரியும். இதற்குக் கேபிள் மாற்றிப் பயனில்லை. நல்ல பவர் சப்ளையோ சிறு பேட்டரியோ வைக்க வேண்டும்.

மூன்றாவது: எப்போது நிற்கிறது என்று கவனிப்பது. ஸ்டார்ட்டர் 'டக்' என்று இழுக்கும் நொடியில் மட்டும் எண் தடுமாறி, பிறகு சரியானால், கான்டாக்டர் காயிலின் தீப்பொறி காரணமாக இருக்கலாம். காயிலுக்கு ஏற்ற ஸ்னப்பர் ஒன்றை வயர்மேன் மாட்டினால் தீரும். உங்களுக்கு நடப்பது போல மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் நின்றால், அது பெரும்பாலும் கேபிள் பாதைக் கோளாறு.

எந்தக் கேபிள் வாங்குவது?

கடையில் "ஆர்.எஸ்.-485 கேபிள், இரண்டு ஜோடி, முறுக்கியது, ஷீல்டு உள்ளது, 120 ஓம்" என்று கேளுங்கள். ஒரு ஜோடி ஏ, பி-க்கு. இன்னொரு ஜோடியில் ஒரு கம்பி பொதுக் கம்பியாகப் பயன்படும். சென்சாருக்கு 24 வோல்ட்டும் அதிலேயே போக வேண்டும் என்றால் மூன்று ஜோடியாக வாங்குவது நல்லது. மண்ணுக்குள் போவதால் வெளித்தோல் கறுப்பு பாலிஎத்திலீனாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. தாமிர முலாம் பூசிய அலுமினியக் கம்பியைத் தாமிரக் கம்பி என்று விற்கிறார்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அது சீக்கிரம் முறியும், ஈரம் பட்டால் பூத்துப்போகும், தடையும் அதிகம்.

தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தோட்டத்துக் கருவிகள் பேசும் குறைந்த வேகத்தில் ஆர்.எஸ்.-485 சுமார் 1,200 மீட்டர் வரை போகும். உங்கள் 900 அடி என்பது 275 மீட்டர்தான். ஒரே லைனில் சாதாரணமாக 32 கருவிகள் வரை இருக்கலாம். உங்களிடம் கன்ட்ரோலரையும் சேர்த்து ஆறு.

எப்படி இழுப்பது?

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று ரயில் பாதை ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோல் சிக்னல் கேபிள் போக வேண்டும். கன்ட்ரோலரில் கிளம்பி, முதல் ஈர சென்சார், இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் தொட்டி. ஒவ்வொரு இடத்திலும் கேபிள் பெட்டிக்குள் ஏறி, டெர்மினலில் இணைந்து, அடுத்த இடத்துக்கு இறங்கிப் போகட்டும். நடுவழியில் வெட்டி நீளமாகக் கிளை எடுக்கக் கூடாது. சென்சாரின் சொந்த வயர் இரண்டு மூன்று அடியில் முடிவது நல்லது.

மோட்டார் கேபிளுக்குத் தனிப் பள்ளம், சிக்னலுக்குத் தனிப் பள்ளம். இடைவெளி குறைந்தது ஓரடி. இடம் இருந்தால் மூன்றடி விடுங்கள். குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போல் நேர்க்குத்தாகத் தாண்டுங்கள். சாய்வாக நெடுந்தூரம் ஒட்டிப் போகக் கூடாது. சோலினாய்டு வால்வு வயரையும் சிக்னல் கேபிளோடு ஒரே பைப்பில் விட வேண்டாம்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இந்தியத் தரம் ஐ.எஸ். 1255, குறைந்த அழுத்த மின் கேபிளுக்கும் கன்ட்ரோல் கேபிளுக்கும் 0.75 மீட்டர் ஆழம் சொல்கிறது. அதாவது இரண்டரை அடி. கலப்பையும் ரோட்டவேட்டரும் அந்த ஆழத்தைத் தொடாது. அடியில் மணல், மேலே மணல், அதன்மேல் ஒரு வரிசை செங்கல். பின்னால் ஜே.சி.பி. வைத்துத் தோண்டுபவருக்கு அந்தச் செங்கல்தான் எச்சரிக்கைப் பலகை.

உங்களுடையது கரிசல் என்பதால் இன்னொன்று. கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் விடும், மழையில் உப்பும். இறுக்கமாக இழுத்துப் புதைத்த கேபிளை அது இழுத்து, டெர்மினலில் இருந்து பிடுங்கிவிடும். பள்ளத்தில் பாம்பு போல லேசாக வளைத்துப் போடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே இரண்டு மூன்று அடி சுருட்டி விடுங்கள்.

நுனியை எப்படி முடிப்பது?

இங்கேதான் பாதி லைன் கெடுகிறது. வாயால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. லைட்டரால் சுட்டு உரிப்பது அதைவிட மோசம். கம்பி பதம் கெட்டு, கரியும் ஒட்டிக்கொள்ளும்.

வெளித்தோலை ஸ்ட்ரிப்பரால் உரியுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். கம்பியின் தோலை எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் எடுத்து, இழைகள் சிதறாமல் அளவான பின் லக்கில் நுழைத்து, கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். கையால் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. இழைகளுக்கு ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் முடுக்குவது பழைய பழக்கம். ஈயம் நாளாக நாளாக நசுங்கி ஸ்க்ரூ தளர்ந்துவிடும் என்பதால் அது வேண்டாம்.

மண்ணுக்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. எல்லா இணைப்பும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கட்டும். பெட்டி ஐ.பி.65 அல்லது அதற்கு மேல். கேபிள் அடிப்பக்கமாகக் கிளாண்ட் வழியாக ஏற வேண்டும்; மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால் மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே போகும். காலியாக உள்ள துளைகளை அடையுங்கள். பல்லியும் சிற்றெறும்பும் சென்சார்களின் முதல் எதிரிகள்.

ஏ, பி என்ற பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கருவி மட்டும் பேசவே இல்லையென்றால், அதில் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் பாருங்கள். கருவிக்கு ஒன்றும் ஆகாது. எல்லா இடத்திலும் ஒரே நிறம் ஏ, ஒரே நிறம் பி என்று முடிவு செய்து, பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

ஷீல்டும் மூன்றாவது கம்பியும்

ஷீல்டு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு விட்டுப்போகாமல் தொடர வேண்டும். ஆனால் எர்த்தில் இணைப்பது ஒரே முனையில்தான். உங்கள் தோட்டத்தில் மோட்டார் ரூமில். மற்ற இடங்களில் ஸ்லீவ் போட்டு எதையும் தொடாமல் விடுங்கள். 900 அடி தள்ளி இருக்கும் இரண்டு எர்த் குழிக்கும் ஒரே வோல்ட் இருக்காது. இரண்டு முனையிலும் இணைத்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடி, காக்க வேண்டியதே தொந்தரவாகிவிடும்.

பலர் விட்டுவிடுவது மூன்றாவது கம்பி. ஏ, பி தவிர 'காமன்' அல்லது 'ஜி.என்.டி.' என்று ஒரு முனை இருக்கும். ஆர்.எஸ்.-485 கருவி, தன் காமனை விட மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் ஏற்றத்தாழ்வைத் தாங்கும். காமன் கம்பி இல்லாமல் இரு கருவிகளும் தனித்தனி மின்சப்ளையில் இருந்தால், மழைநாளில் இந்த எல்லை எளிதாகத் தாண்டும். ஆகவே காமனையும் கேபிளிலேயே கொண்டுபோங்கள். மண்ணையோ தண்ணீர்க் குழாயையோ மூன்றாவது கம்பியாக நம்ப வேண்டாம்.

முனைத் தடையும் 60 ஓம் கணக்கும்

வாய்க்காலில் மடையைச் சட்டென்று அடைத்தால் தண்ணீர் மோதித் திரும்புமே, அதுபோலக் கேபிளின் கடைசியில் சிக்னலும் மோதித் திரும்பும். அதை விழுங்குவதற்கு லைனின் இரு கடைசியிலும் ஏ, பி-க்கு இடையில் 120 ஓம் தடை ஒன்று வைப்பார்கள். கடையில் டெர்மினேட்டர் என்பார்கள். தனியாக வாங்கினால் பழுப்பு, சிவப்பு, பழுப்பு என்று பட்டை போட்ட கால் வாட் ரெசிஸ்டர். சில கருவிகளில் உள்ளேயே சிறு சுவிட்சாக இருக்கும்.

உங்கள் தூரத்துக்கும் 9,600 வேகத்துக்கும் இந்த மோதல் பெரிய விஷயமே அல்ல. இதை மட்டும் மாட்டிவிட்டுப் பைப்பைப் பிரிக்காமல் விட்டால் ஒன்றும் மாறாது. ஆனால் தவறாக மாட்டினால் கெடும். ஐந்து சென்சாரிலும் சுவிட்சை 'ஆன்' செய்து வைத்திருந்தால் லைன் பாரம் தாங்காமல் சிக்னல் இறங்கிவிடும். கன்ட்ரோலரில் ஒன்று, கடைசியாக இருக்கும் தொட்டிக் கருவியில் ஒன்று, அவ்வளவுதான்.

சரிபார்ப்பது எளிது. எல்லாக் கருவிக்கும் பவரை அணைத்துவிட்டு, கன்ட்ரோலர் முனையில் ஏ, பி-க்கு இடையே ஓம் அளவு பாருங்கள்.

60 முதல் 70 வரை: இரண்டு தடையும் சரியாக இருக்கின்றன.
120 பக்கம்: ஒன்றுதான் இருக்கிறது, அல்லது நடுவில் கம்பி அறுந்திருக்கிறது.
40 பக்கம் அல்லது அதற்குக் கீழ்: தேவைக்கு மேல் தடை இருக்கிறது.
ஐந்துக்கும் கீழே: எங்கோ இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.
ஆயிரக்கணக்கில்: தடையே இல்லை.

வேலை முடிந்த அன்று வந்த எண்ணை மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் கோளாறு வந்தால், பாதிப் பதில் அந்தச் சுவரிலேயே இருக்கும்.

இடி மழைக்கு

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் உங்கள் பக்கம் இடி அதிகம். நேரடியாக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீளமான கேபிளில் அதிர்ச்சி ஏறிக் கருவிகளைச் சுட்டுவிடும். ஆர்.எஸ்.-485-க்கென்று உள்ள சர்ஜ் புரொடெக்டரை இரு முனையிலும் வையுங்கள். அந்தந்த இடத்தின் எர்த்தில், ஒரு முழத்துக்குள் தடித்த கம்பியால் இணையுங்கள். மோட்டார் எர்த் ஒரு பக்கம், சிக்னல் எர்த் இன்னொரு பக்கம் என்று தொடர்பில்லாமல் இரண்டு குழி போட வேண்டாம். ஒரே இடத்தில் உள்ள எர்த்தெல்லாம் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

பட்டாசு ஆலை பக்கத்தில் நிலம் இருந்தால்

உங்கள் நிலத்தின் வடக்கு வேலியை ஒட்டி ஆலை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று பத்தொன்பது உயிர்களுக்குக் குறையாமல் இழந்த ஊருக்கு நாம் புதிதாக எச்சரிக்கை சொல்ல வேண்டியதில்லை. கேபிள் வேலைக்கு மட்டும் மூன்று சொல்கிறோம். ஆலை வேலியை ஒட்டிக் கேபிள் பாதை வைக்காதீர்கள். வேலிக் கம்பியில் கட்டவும் கூடாது. அவர்களின் இடிதாங்கி எர்த் குழிக்குப் பக்கத்தில் தோண்டாதீர்கள். இடி இறங்கும்போது அந்த மண்ணில் ஏறும் வோல்ட் உங்கள் கேபிளுக்கும் வரும். கேபிளைச் சுட்டு உரிப்பது, ஸ்லீவைச் சுருக்க கேஸ் டார்ச் பிடிப்பது, மிச்சத் துண்டுகளைக் கொளுத்துவது எதையும் அந்தப் பக்கம் செய்யக் கூடாது.

மோட்டாரைக் காப்பது எது?

உங்கள் மோட்டார் கருகியதற்குக் கேபிள் பாதிக் காரணம்தான். செய்தி நின்றதும் கன்ட்ரோலர் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு, 'தண்ணீர் விழுகிறது' என்று நம்பிக்கொண்டிருந்ததே, அது மீதிக் காரணம். கன்ட்ரோலர் அமைப்பில் 'தொடர்பு அறுந்தால் என்ன செய்வது' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே, ஒன்றிரண்டு நிமிடம் செய்தி வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்து என்று வைக்கச் சொல்லுங்கள். பயிர் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அதற்கும் மேல், ஸ்டார்ட்டரிலேயே டிரை ரன் பிரிவென்டர் ஒன்று மாட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைப் பார்த்து அது நிறுத்திவிடும். அதற்குச் சென்சாரும் வேண்டாம், 900 அடி கேபிளும் வேண்டாம். சென்சார்கள் தண்ணீரை மிச்சப்படுத்தட்டும். மோட்டாரின் உயிரை அவற்றிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள்.

இரண்டையும் சோதித்துப் பார்க்காமல் வேலையை முடித்துக் கொடுக்க விடாதீர்கள். மோட்டார் ஓடும்போது கன்ட்ரோலரில் இருந்து சிக்னல் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். சொன்ன நிமிடத்தில் மோட்டார் நின்றால்தான் மீதிப் பணம்.

சில சிறு கேள்விகள்

கேள்வி: "பள்ளம் தோண்டவே முடியாத பாறை நிலம். வயர் இல்லாமல் முடியுமா?" – வெம்பக்கோட்டை வாசகர்.

பதில்: முடியும். லோரா என்ற வயர்லெஸ் முறையில் சென்சார் எண்களை அனுப்பலாம். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை. தரப்படுத்திய கருவியாக வாங்குங்கள். மரமும் மேடும் மறைக்காமல் ஆன்டெனாவை உயரத்தில் வைக்க வேண்டும். கேபிள் வழியாக இடி வரும் தொல்லை இதில் இல்லை. ஆனால் சென்சார் பக்கத்தில் பேட்டரியும் சிறு சோலார் தகடும் பராமரிக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு.

கேள்வி: "இந்தக் கருவிகளுக்கு மானியம் உண்டா?" – சாத்தூர் வாசகர்.

பதில்: தமிழ்நாட்டில் சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. கைபேசியில் மோட்டாரை இயக்கும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை தனியாக மானியம் தந்து வருகிறது. சென்சாரும் கேபிளும் அதில் சேருமா, இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்பதை அத்துறையின் உபகோட்ட அலுவலகத்தில் கேட்டு, கருவி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வாங்கிய பிறகு பில்லோடு போனால் பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: "மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பட்டாசு வேலைக்கு அனுப்ப மனமில்லை. இந்த மாதிரி வயர் வேலை படிக்க என்ன வழி?" – சிவகாசி ஒன்றியத்திலிருந்து ஒரு தாய்.

பதில்: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்புகள். முடித்த பிறகு ஒரு ஆலையில் அப்ரன்டிஸ் ஆகச் சேரட்டும். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளிலும் சிவகாசி அச்சகங்களிலும் மின் மீட்டர், இன்வெர்ட்டர், சென்சார் எல்லாவற்றையும் இணைக்க இதே இரண்டு கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். பின் லக் அழுத்துவது, ஷீல்டு முடிப்பது, ஓம் அளந்து கோளாறு கண்டுபிடிப்பது ஆகிய மூன்றையும் சுத்தமாகச் செய்பவருக்கு ஆலையிலும் வேலை உண்டு, ஊரில் தோட்டங்களிலும் உண்டு. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழையும் வாங்கிவிட்டால் சொந்தமாக வேலை எடுக்கும்போது உதவும்.

கேள்வி அனுப்புபவர்கள் அச்சங்குளம் வாசகி செய்தது போல, மோட்டார் ரூம், போர், தொட்டி, கேபிள் போகும் வழி, தூரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கோடு போட்டு அனுப்புங்கள். கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் அப்படியே எழுதுங்கள். பதில் சொல்ல அதுவே பாதி உதவி.